சுமையும் சொல்லும்: ஆங்கிலத்திற் பாரங்குறிக்கும் சொற்களின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வரிச்சுமை, கடன்சுமை, வேலைப்பளு, எண்பிப்புச் சுமை முதலிய தொடர்கள் நமது பத்திரிகைகளிலும் பொருளியற் கட்டுரைகளிலும் சட்டத் தமிழிலும் இன்று சர்வசாதாரணமாக வழங்குகின்றன. இவற்றுட் பல ஆங்கிலத் தொடர்களை அடியொற்றி ஆக்கப்பட்டவை. ஆக்கப்பட்ட முறையிற் பிழையேதும் இல்லை. தமிழ் மரபோடும் அவை பெரிதும் முரண்படவில்லை. ஆயினும் இத்தொடர்களைக் கையாளும்போது ஒரு வினாவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சுமை என்றால் அதனைச் சுமப்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். 'நாட்டின் கடன்சுமை' என்று எழுதும்போது அச்சுமை யாருடைய தலையில் இருக்கிறது என்பது சொல்லப்படாமலே போய்விடுகிறது. சுமப்பவரை மறைத்துச் சுமையை மட்டும் பேசும் இவ்வழக்கு ஆங்கிலத்தில் எவ்வாறு உருவாயிற்று என்பதை அம்மொழியின் சில சொற்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வரலாற்றிலிருந்து சமூக வரலாற்றுக்குச் செல்லும் பாதை வழுக்கல் நிறைந்தது. ஒரு சொல்லின் வேரைக் கண்டதும் அதன் 'உண்மைப் பொருளையே' கண்டுவிட்டதாக எண்ணும் மயக்கம் நம்மவரிடையே, சிறப்பாகத் தமிழ்ச் சொல்லாராய்ச்சியாளரிடையே, மிக அதிகம். மறுபுறத்தில், மொழியை வர்க்கத்துக்கொன்றாகப் பிரித்துக் காட்ட முயலும் கொச்சை வாதமும் உண்டு. 1950 இல் ஸ்டாலின், மொழியை மேற்கட்டுமானத்தின் ஒரு கூறாகக் கொள்ளலாகாது என எழுதியபோது இரண்டாவது வாதத்தையே மறுத்தார். அந்த அளவில் அது சரியானதே. எனினும், வொலொஷினோவின் பெயரில் 1929 இல் வெளிவந்த 'மார்க்சியமும் மொழியின் தத்துவமும்' என்னும் நூல் இதனினும் ஆழமாகச் சென்றிருந்தது. வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியைப் பயன்படுத்துவதனாலேயே ஒவ்வொரு சொல்லினுள்ளும் முரண்பட்ட அழுத்தங்கள் மோதிக்கொள்கின்றன என்பது அந்நூலின் கருத்து. 1976 இல் வெளிவந்த 'திறவுச் சொற்கள்' என்னும் நூலிலே ரேமண்ட் வில்லியம்ஸ் இம்முறையை ஆங்கிலச் சொற்களுக்குப் பிரயோகித்துக் காட்டினார். உழைப்பையும் வேலையையும் குறிக்கும் சொற்களை அவர் ஆராய்ந்தார். சுமையைக் குறிக்கும் சொற்கள் அவரது நிரலில் இடம்பெறவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்து பார்க்கலாம்.

ஆங்கிலத்தின் ஜெர்மானிய அடித்தளத்தைச் சேர்ந்த நான்கு சொற்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 'லோட்' என்பது இன்று ஏற்றப்பட்ட பொருளின் அளவைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலமான 'லாட்' என்ற சொல்லுக்கு வழி, பயணம், கொண்டுசெல்லல் என்பனவே பொருள். வழிநடத்தல் எனப் பொருள்படும் 'லீட்' என்ற வினையும் இதன் உறவே. மாலுமிகளுக்கு வழிகாட்டும் துருவ நட்சத்திரத்தின் பழம்பெயரிலும், சுரங்கத் தொழிலாளர் பாறையினூடே செல்லும் தாதுப்படைக்கு இட்ட பெயரிலும் அப்பழைய பொருள் உறைந்து கிடக்கிறது. 'வெய்' என்ற வினை இன்று நிறுத்தலைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அது சுமந்து செல்லலையும் அசைத்தலையும் குறித்தது. வழியைக் குறிக்கும் 'வே', வண்டியைக் குறிக்கும் 'வகன்' ஆகியன அதன் உடன்பிறப்புகள். நங்கூரத்தைத் தூக்குவதற்கு மாலுமிகள் இன்றும் 'வெய்' என்ற அவ்வினையையே கையாளுவர். 'ஹெவி', அதாவது கனமான என்னும் அடை, தூக்குதல் எனப் பொருள்படும் 'ஹீவ்' என்ற வினையோடு உறவுடையது. 'பேர்டன்' என்பது 'பெயர்' என உச்சரிக்கப்படும் சுமத்தல் வினையிலிருந்து பிறந்தது.

இந்நான்கையும் சேர்த்து நோக்கும்போது ஒரு பொதுப்போக்கு புலப்படுகிறது. நடத்தல், சுமந்துசெல்லல், தூக்குதல், தாங்குதல் ஆகிய நான்கும் மனித உடலின் செயல்கள். நாளடைவில் இவை பொருளின் அளவாகவும் இயல்பாகவும் மாறிவிட்டன. தூக்குபவன் முக்கியதே கனம் என்றிருந்த நிலை மாறி, கனம் பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு குணமாயிற்று.

இம்மாற்றம் எவ்வழியாக நிகழ்ந்தது என்பதற்கு 'லோட்' என்ற சொல்லின் வரலாற்றில் ஒரு தடயம் உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் பழைய ஆங்கில ஆவணமொன்று, பெருநிலமொன்றில் வாழும் பல்வேறு தரத்தினரும் பிரபுவுக்குச் செய்யவேண்டிய கடமைகளை வரிசைப்படுத்துகிறது. 'ரெக்டிட்டூடினெஸ்' என அறிஞர் சுருக்கமாகக் குறிப்பிடும் இவ்வாவணத்திலே, 'கெநெயாற்' எனப்படும் ஓரளவு மேனிலைக் குடியானவனின் கடமைகளுள் பிரபுவுக்காகக் குதிரையேறிச் செல்லலும் பண்டங்களை ஏற்றிச் செல்லலும் கூறப்படுகின்றன. அங்கு அச்சேவையைச் சுட்டுவது 'லாட்' என்ற சொல்லே. பயணம் என்ற பொருளுக்கும் பாரம் என்ற பொருளுக்குமிடையே, பிரபுவுக்குச் செலுத்தவேண்டிய சுமப்புக் கடமை என்றொரு படி இருந்திருக்கிறது. பொருள்மாற்றத்துக்கு இது மட்டுமே காரணமென்று கூறுவதற்கில்லை. ஏற்றுதலைக் குறிக்கும் 'லேட்' என்ற வேறொரு வினையோடு ஏற்பட்ட குழப்பமும் அதற்குத் துணைசெய்தது என மொழியியலாளர் காட்டுவர். ஆயினும் நிலமானிய உறவு இச்சொல்லைத் தீண்டாமற் போகவில்லை.

பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோன்றுவது உண்மையில் மனிதர்க்கிடையிலான உறவே என 'மூலதன'த்தில் மார்க்ஸ் காட்டியது இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இச்சொற்களின் மாற்றம் முதலாளித்துவத்துக்கு முற்பட்டது. 13ஆம் நூற்றாண்டளவிலேயே 'லோட்' பாரத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. எனவே பண்டமோகத்தின் விளைவே இதுவெனத் துணிந்து கூறுவது காலவழுவாகும். பிற்காலத்து உற்பத்தி உறவுகளுக்கு வாய்ப்பானதொரு சொற்பரப்பு முன்னரே ஆயத்தமாக இருந்தது என்று கூறுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

'பேர்டன்' பற்றி மேலும் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். சுமத்தல் வினையிலிருந்து ஆங்கிலத்திற் பிறந்த சொற்கள் ஒரு குடும்பமாக நிற்கின்றன: சுமை, பிறப்பைக் குறிக்கும் 'பேர்த்', பாடையைக் குறிக்கும் 'பியர்', கைவண்டியைக் குறிக்கும் 'பரோ'. கருவைச் சுமத்தல், பொருளைச் சுமத்தல், பிணத்தைச் சுமத்தல் ஆகிய மூன்றும் ஒரே வேரில் அடங்குகின்றன. இக்குடும்பம் ஆங்கிலத்தோடு முடிவதுமில்லை. வடமொழியிலுள்ள 'பார' என்ற சொல் இதே இந்தோ-ஐரோப்பிய வேரினது. அச்சொல்லே தமிழிற் பாரம் ஆயிற்று. அவ்வகையில் நாம் பாரம் என்னும்போது ஆங்கிலேயரின் 'பேர்டனு'க்குத் தூரத்து உறவினர் ஒருவரையே அழைக்கின்றோம். சுமை, பொறை என்பன நம்முடையவை. பொறை என்பது பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே குறிப்பது போல, ஆங்கிலச் சுமத்தல் வினையும் சகித்தலைக் குறிக்கும்.

இக்குடும்பத்துள் அகராதிகள் அதிகம் பேசாத ஓர் உறுப்பினர் உண்டு. ஸ்கொட்லாந்தின் கிழக்கு நிலக்கரிச் சுரங்கங்களிலே கரியைக் கூடையிலிட்டு முதுகிற் சுமந்து மேலே கொண்டுவந்த பெண்களுக்கும் சிறுமியர்க்கும் 'பெயரர்' என்று பெயர். சுமப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். கூடையைத் தாங்கும் வார் நெற்றியின் குறுக்காகச் செல்லும். நமது மலையகத்திற் கொழுந்துக் கூடை தலையிலிருந்து தொங்கும் முறையைக் கண்டவர்க்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. 1606 ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துச் சட்டமொன்று கரி வெட்டுவோரையும் கரி சுமப்போரையும் உப்புக் காய்ச்சுவோரையும் எசமானரோடு பிணைத்தது. எசமானின் அனுமதியின்றி அவர்கள் வேறிடம் செல்லமுடியாது. 1775, 1799 ஆம் ஆண்டுகளின் சட்டங்களினாலேயே இப்பிணைப்பு அறுந்தது. பிரித்தானியத் தீவிலே, ஆடம் சிமித்தின் காலத்திலும், கூலியுழைப்பின் நடுவே ஒருவகைப் பண்ணையடிமைத்தனம் நிலவிற்று என்பது நம் பாடநூல்களில் அரிதாகவே சொல்லப்படுவது.

பிணைப்பு அறுந்தபின்னரும் கூடை இறங்கவில்லை. 1808 இல் ரொபர்ட் போல்ட் என்ற சுரங்கப் பொறியியலாளர் இப்பெண்களின் நிலைபற்றித் தனியாகவே ஓர் ஆய்வை எழுதி வெளியிட்டார். ஒருமுறைக்கு 170 இறாத்தல், நாளொன்றுக்கு 24 முறை என்ற கணக்கில் ஒரு பெண் 4080 இறாத்தல் கரியை மேலே கொண்டுவந்தாள் என அவர் காட்டினார். அது 36 அந்தருக்கும் அதிகம். சிறுவர் தொழில் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை 1842 இல் வெளிவந்தபோது, கருவுற்ற பெண்கள் பிரசவம் வரையில் கரி சுமந்ததையும் கருச்சிதைவுகளையும் அவர்களே வாக்குமூலமாகக் கூறியிருந்தனர். 'பேர்டன்', 'பேர்த்', 'பெயரர்' என ஒரே வேரில் நிற்கும் மூன்று சொற்களும் அவ்வாக்குமூலங்களில் ஓர் உடலின் மீது வந்து கூடுகின்றன. சொற்பிறப்பியலாளரின் அட்டவணையில் அமைதியாக இருப்பது அங்கு வேறு முகங்காட்டுகிறது.

அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம் பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தின்கீழ் வேலைசெய்வதைத் தடைசெய்தது. இயந்திரங்கள் பெருகிய நாட்டிலே பெண்ணின் முதுகு ஏன் தேவைப்பட்டது என்ற வினாவுக்கு மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற் பாகத்தில் விடை கூறியுள்ளார். இங்கிலாந்திற் கால்வாய்ப் படகுகளை இழுப்பதற்குச் சிலவிடங்களிற் குதிரைக்குப் பதிலாகப் பெண்களைப் பயன்படுத்தினர். குதிரையையும் இயந்திரத்தையும் உண்டாக்க எவ்வளவு உழைப்பு வேண்டுமென்பது தெரிந்த கணக்கு. மிகைப்பட்ட மக்கட்டொகையைச் சேர்ந்த பெண்ணைப் பராமரிக்கும் செலவோ எக்கணக்குக்கும் கீழானது. சுமக்கும் உடல் மலிவாக இருக்கும்வரை சுமையைக் குறைக்கும் கருவி வருவதில்லை என்பதே இதன் சாரம்.

சுமப்பவரைக் கண்ணெடுத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1861 இல் இலண்டன் பிக்கடிலித் தெருவோரத்திலே, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் யோசனைப்படி, இரு கால்களின் மீது தோளுயரத்திற் குறுக்குப் பலகையொன்று நிறுவப்பட்டது. சுமைகாரர்கள் முதுகுச் சுமையைச் சாய்த்து இளைப்பாறுவதற்கானது அது. நம்மூர்த் தெருக்களில் ஆவுரோஞ்சிக் கல்லுக்கும் கேணிக்கும் அருகே நிற்கும் சுமைதாங்கி இதுவேதான். ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. கருவோடு இறந்த பெண்ணின் இறக்கிவைக்கப்படாத சுமையை நினைந்து சுமைதாங்கி கட்டுவது நம் வழக்கு. பிறப்பையும் பாரத்தையும் இணைக்கும் வேர் ஆங்கிலத்தின் சொல்லில் இருக்கிறது. நம்மிடம் அது கல்லில் இருக்கிறது.

நோர்மன் படையெடுப்புக்குப்பின் ஆங்கிலத்துட் புகுந்த பிரெஞ்சு, இலத்தீன் சொற்கள் வேறொரு தளத்தைச் சேர்ந்தவை. விலங்கை மேய்ப்பவன் அதற்குச் சாக்சன் பெயரிட, இறைச்சியை உண்பவன் பிரெஞ்சுப் பெயரிட்டான் என 1819 இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் வோல்டர் ஸ்கொட் ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் காட்டியது பலரும் அறிந்தது. சுமைச் சொற்களிலும் சுமப்பது சாக்சன், கணக்கெழுதுவது பிரெஞ்சு என்று எளிதாகப் பிரித்துவிடத் தோன்றும். அப்படி முற்றாகப் பிரிக்க முடியாது. சுமைகாரனைக் குறிக்கும் 'போர்ட்டர்' என்ற சொல்லே இலத்தீன் வழிவந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் சுமைகாரர் விரும்பிக் குடித்த கறுப்பு மதுவகைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. எனினும் பொதுப்போக்கு என்ற அளவில் ஸ்கொட்டின் நோக்கு இங்கும் பொருந்துகிறது.

'சார்ஜ்' என்ற சொல்லைப் போல் ஏறுமுகமாகவே சென்ற சொல் வேறொன்றில்லை. கோல் மக்களின் மொழியிலிருந்து இலத்தீனுக்கு வந்த வண்டிப் பெயரொன்றிலிருந்து, வண்டியில் ஏற்றுதல் என்னும் வினை பிறந்தது. அதன் பிரெஞ்சு வடிவமே 'சார்ஜ்'. ஸ்பானிய வடிவம் 'கார்கோ'வாகி 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. இத்தாலிய வடிவத்திலிருந்து, ஒருவரின் முகத்தில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிவரையும் கேலிச்சித்திரத்தின் ஆங்கிலப் பெயர் வந்தது! வண்டியில் ஏற்றிய மூட்டை படிப்படியாகக் கடமையாயிற்று, பொறுப்பாயிற்று, விலையாயிற்று, குற்றச்சாட்டாயிற்று. துப்பாக்கியில் இட்ட மருந்தாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மின்னேற்றமுமாயிற்று. இன்று ஒரு வேலைத்தலத்திலே 'இன் சார்ஜ்' என்று சுட்டப்படுபவர் எவரோ அவரே அங்கு மூட்டை எதையும் தூக்காதவர். சொத்தின்மீதும் அரச வருமானத்தின்மீதும் சட்டம் ஏற்றும் கடனுக்கும் இதுவே பெயர். நாட்டின் கடன்சுமை என்று நாம் தமிழாக்கும் எண்ணத்தின் பின்னால் இந்த வண்டி நிற்கிறது.

இதற்கு எதிர்த்திசையிற் சென்ற சொல்லொன்று நம் நாட்டிலேயே உண்டு என்பதையும் இடைப்பிறவரலாகக் குறிப்பிடலாம். தமிழகத்தில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் நாட்டாமை என்ற சொல், கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியைக் குறிக்கிறது. சிங்களமும் அச்சொல்லை அப்பொருளிலேயே ஏற்றுக்கொண்டது. இது தனியே ஆராயத்தக்கது.

'பிரெயிட்' ஒல்லாந்தின் கரையோர மொழிகளிலிருந்து வந்தது. முதலில் அது சரக்கைச் சுட்டவில்லை. கப்பலில் ஏற்றிச் செல்வதற்குக் கொடுக்கும் கூலியையே சுட்டியது. அதன் வேரை இன்னும் தோண்டினால் உடைமை கொள்ளல் என்ற பொருளுடைய வினை வெளிப்படும். 'தொன்' என்பதோ ஒரு மதுப்பீப்பாய். எழுத்தில் ஓருயிர் வேறுபட்டாலும் பீப்பாயின் பெயரும் நிறையின் பெயரும் ஒலிப்பில் ஒன்றே. பிரான்சின் போர்தோத் துறையிலிருந்து மது கொண்டுவந்த கப்பல், எத்தனை பீப்பாய் கொள்ளுமென்பதைக் கொண்டு அளக்கப்பட்டது. 252 கலன் கொண்ட அப்பீப்பாயின் நிறையை ஒட்டியே 2240 இறாத்தற் தொன் அமைந்தது. 112 இறாத்தல் கொண்ட அந்தருக்கு ஆங்கிலத்தில் 'நூற்றுநிறை' என்று பெயர். நூறு என்று சொல்லி நூற்றுப்பன்னிரண்டு நிறுப்பது வணிகரின் நூறு. நிறைக்கேற்பக் கூலி பெற்ற நிலக்கரித் தொழிலாளர், நிறுவையைக் கண்காணிக்கத் தம்முள் ஒருவரை நியமிக்கும் உரிமையை 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே பெற்றனர் என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குக. கொழுந்து நிறுக்குமிடத்தில் எழும் தகராறுகளை அறிந்த எமக்கு அவ்வுரிமையின் பெறுமதி விளங்கும்.

மதுவை அளக்கப் பிறந்த அலகு மனிதரை அளக்கவும் பயன்பட்டது. அடிமை வாணிபத்தை ஒழுங்குபடுத்தவென 1788 இல் டொல்பன் என்பவரின் முயற்சியால் நிறைவேறிய பிரித்தானியச் சட்டம், குறிப்பிட்ட எல்லை வரை கப்பலின் ஒவ்வொரு 3 தொன்னுக்கும் 5 அடிமைகளை ஏற்றலாம் என்றது. இது சீர்திருத்தச் சட்டம் என்பதை மறத்தலாகாது. அதற்கு முன்னர் இந்த வரம்பும் இல்லை. 1781 இல் 'சொங்' என்னும் லிவர்ப்பூல் அடிமைக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 130 ஆபிரிக்கர்கள் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். கப்பல் உரிமையாளர் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதி கோரினர். 1783 இல் நடந்த முதல் விசாரணையில் யூரிமார் உரிமையாளருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். அவ்வழக்கு கொலை வழக்கல்ல. சரக்கு பற்றிய வழக்கு. 'கார்கோ' என்ற சொல் மனிதரை உள்ளடக்க முடிந்தபோது நீதிமன்றம் வேறு சொல்லைத் தேடவேண்டியிருக்கவில்லை.

இலத்தீன் 'ஓனஸ்' பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். பாரம் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அது வழக்கறிஞரின் சொல்லாகவே வாழ்கிறது. குற்றமற்றவரென விடுவித்தலைக் குறிக்கும் ஆங்கில வினையும் இதன் வழியினதே. அதன் நேர்ப்பொருள் சுமையிறக்கல்.

ஆங்கிலச் சுமைச் சொற்களுள் நம்மை நேரடியாகத் தொடுவது 'கூலி'. 1886 இல் யூலும் பேர்னலும் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, குசராத்துப் பகுதியின் கோளி இனப்பெயரையும் தமிழ்க் கூலியையும் இதற்கு மூலங்களாக ஆராய்கிறது. இரண்டும் கலந்திருத்தல் கூடும். தமிழிற் கூலி என்பது உழைப்புக்குக் கிடைப்பது. ஆங்கிலத்தில் அது உழைப்பவனின் பெயர். 1834 இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்பு நடைமுறைக்கு வந்ததும் மொரிசியசுக்கும் பின்னர் கரிபியன் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டவர் இப்பெயரின் கீழேயே பதிவுசெய்யப்பட்டனர். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரும் அவ்வாறே. கொடுக்கப்படும் காசின் பெயரால் மனிதன் அழைக்கப்பட்டான். அக்காசு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்பது வேறு கதை.

இந்நிலையில், 1899 இல் ரட்யார்ட் கிப்ளிங் 'வெள்ளையனின் சுமை' என்ற கவிதையை வெளியிட்டார். பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்காவை விளித்து எழுதப்பட்டது அது. ஆள்வதே சுமத்தல், ஆளப்படுபவரே சுமை என்பது அதன் கருத்துநிலை. இத்தலைகீழாக்கம் கிப்ளிங்கின் தனிக் கண்டுபிடிப்பன்று. 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தைச் சூழ்ந்த விவாதங்களிலே, வாழ்நாளெல்லாம் சுமந்து ஓய்ந்த ஏழைகள் வரிசெலுத்துவோரின் சுமையாக ஏற்கெனவே வருணிக்கப்பட்டிருந்தனர். உள்நாட்டிற் பயின்ற சொல்லாட்சி கடல்கடந்து சென்றது, அவ்வளவே. ஈ. டி. மொரெல் 1920 இல் தமது நூலுக்குக் 'கறுப்பனின் சுமை' எனப் பெயரிட்டு இதற்குப் பதிலிறுத்தார்.

மொரெலின் தலைப்பு வெறும் உருவகமன்று. 1914 முதல் 1918 வரையிலான போரின்போது கிழக்காபிரிக்காவில் தெற்சி ஈக்கள் பரப்பிய நோயினாற் பொதிவிலங்குகள் மடிந்தன, பாதைகளும் இல்லை. ஆகவே பிரித்தானியப் படைகளின் உணவையும் வெடிமருந்தையும் ஆபிரிக்கர் தலையிற் சுமந்தனர். இவ்வாறு திரட்டப்பட்டவர் தொகை பத்து இலட்சமளவில் இருக்கும். பெரும்பாலும் நோயாலும் பசியாலும் இறந்தவர் 90,000 பேருக்கும் அதிகம். அச்சுமைகாரர் படையின் ஆங்கிலப் பெயர் சிதைந்து, நைரோபியிற் கரியாக்கோர் எனவும் தாருஸ்ஸலாமிற் கரியாக்கூ எனவும் இன்றுவரை ஊர்ப்பெயராக நிற்கிறது. 1928 இல் நைரோபியில் எழுப்பப்பட்ட நினைவுச் சிலையின் வாசகத்தை எழுதியவரும் கிப்ளிங்கே. சுமைகாரரை அவ்வாசகம் படையின் கால்களும் கைகளும் என்கிறது. வெள்ளையனின் சுமையைப் பாடியவரே, அதை உண்மையிற் சுமந்தவருக்குக் கல்லெழுத வேண்டியிருந்தது. ஆனால் அங்கும் இறந்தவர் பெயர்கள் இல்லை. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை, பெயர்சுட்டியோ அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படாதவர் ஆகக் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரையில், என ஒப்புக்கொண்டது. இவர்களுட் பெரும்பாலோர் கிழக்காபிரிக்கரும் எகிப்தியரும் ஆவர்.

சுமப்போர் தாமே பேசிய தருணங்களும் இச்சொற்களின் வரலாற்றில் உண்டு. 1889 ஆகஸ்டில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நாள்தோறும் வாயிலில் நின்று ஆள்பிடிக்கப்பட்ட, எவ்விதத் தொழிற்சங்கத்துக்கும் லாயக்கற்றவரெனக் கருதப்பட்ட மக்கள் அவர்கள். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வென்றனர். அவ்வெற்றியின் பின், கப்பலிற் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிற் பெயர்கள் சங்கங்களின் பெயர்களாகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. 1956 இல் அமெரிக்காவிற் கொள்கலன் கப்பல் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. 1967 இல் கிழக்கிந்தியத் துறையும், 1980 இல் மேற்கிந்தியத் துறையும், 1981 இல் அரச துறைகளும் இலண்டனில் மூடப்பட்டன. மேற்கிந்தியத் துறை இருந்த இடத்தில் இன்று வங்கிகளின் கோபுரங்கள் நிற்கின்றன. சுமைகாரரின் முதுகு விடுபட்டது உண்மை. விடுபட்ட முதுகுக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டதா என்பது அந்நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தோர் பல ஆண்டுகள் கேட்ட கேள்வி.

சர்வதேசத் தொழில் தாபனம் 1967 இல் நிறைவேற்றிய 127ஆம் இலக்கச் சமவாயம், ஒரு தொழிலாளி கையாற் சுமக்கக்கூடிய உச்ச நிறை பற்றியது. சமவாயம் எண்ணெதனையும் கூறவில்லை. உடன்வந்த 128ஆம் இலக்க விதப்புரையே வளர்ந்த ஆணுக்கு 55 கிலோகிராம் என்கிறது. நம் நாட்டின் சீமெந்துப் பை இன்றும் 50 கிலோகிராம். பிரித்தானியாவில் அது 25 ஆகக் குறைந்துவிட்டது. அங்கு 1992 இல் ஆக்கப்பட்ட கைச்சுமை ஒழுங்குவிதிகள், சுமையின் நிறையை மட்டும் நோக்கினாற் போதாது எனக் கொள்கின்றன. தூக்குபவரின் உடல் எப்படிப்பட்டது, எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், எந்த உயரத்துக்குத் தூக்கவேண்டும், தரை வழுக்குமா என்பனவெல்லாம் கணிக்கப்படல் வேண்டும். வழி, நடை, தூக்கல், தாங்கல் என 'லோட்', 'வெய்', 'ஹெவி', 'பேர்டன்' ஆகிய சொற்கள் எண்ணூறு ஆண்டுகளாகக் கைவிட்டிருந்த பொருள்களைச் சட்டம் ஒவ்வொன்றாக மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. அவ்விதிகளிற் 'லோட்' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்தில், மனிதரும் விலங்குகளும் அதில் அடங்குவர் என்று எழுதியிருக்கிறது. நோயாளரைத் தூக்கித் தூக்கி முதுகு நோவுக்குள்ளாகும் மருத்துவமனைத் தாதியரின் நிலைமைக்கும் அவ்விதிகள் பொருந்துவது அவ்வரைவிலக்கணத்தினாலேயே.